முப்பது டிக்கெட்

“அந்த ஹாலுல முப்பது நாற்காலிதான். முப்பது டிக்கெட்டையும் ஆள் வுட்டு நானே வாங்கிட்டேன்” என்றார் சிங்கராயர்.

உபகாரமேரி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “எதுக்குங்க?”

“எதுக்கா? உம் பொண்ணு ஜூலியா வூட்ட வுட்டுப் போனது போதாதுன்னு, நான் கிட்டார ஒடச்சதப் பாட்டா எழுதி ஊரெல்லாம் பாடிக்கினு இருக்குறா. இன்னிக்கு சாயங்காலம் கள்ளக்குறிச்சியில காலி நாற்காலிக்குப் பாடட்டும். தன்னால வூடு வந்து சேருவா.”

டிக்கெட் கட்டை அவள் முன்னால் போட்டார். “இத அடுப்புல போடு.”

“சரிங்க. எனக்கு சாயங்காலம் மாதர் சங்கக் கூட்டம் இருக்குது. சோறு ஆக்கி வெச்சிட்டுப் போறேன்.”

மகள் திருதிருவென்று விழிப்பதை நேரிலேயே பார்த்துவிட வேண்டும் போலிருந்தது அவருக்கு. சின்னசேலத்தில் பஸ் ஏறி, பேக்கரி மாடியில் இருந்த அந்த ஹாலுக்குப் போனார்.

வாசலில் நின்ற பெண், “டிக்கெட் காட்டுங்கய்யா” என்றாள்.

“எல்லா டிக்கெட்டும் நான் வாங்குனதும்மா.”

“அப்ப ஒண்ணு காட்டுங்க. உள்ள எடமே இல்ல.”

எட்டிப் பார்த்தார். முப்பது நாற்காலியிலும் மாதா கோயில் மாதர் சங்கப் பெண்கள். எதிரே ஜூலியா கிட்டாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் இருந்த உபகாரமேரி திரும்பி அவரைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

“டிக்கெட் இல்லாதவங்கள உள்ள வுடாத கண்ணு” என்றாள் வாசலைப் பார்த்து. பிறகு மகளிடம் சொன்னாள்: “கிட்டார் ஒடஞ்ச பாட்ட மொதல்ல பாடு.”