வெயில் தாங்குமா?

"மொட்டை மாடிக்கு நேர் கீழே வீடு. மத்தியானம் அனல் அடிக்காதா தம்பி?"

வாடகை விளம்பரத்தைப் பார்த்து, போனில் கேட்டாள் அந்த அம்மாள்.

"இந்த ஊருக்கு வந்தா வெயிலைத் தாங்கித்தான் ஆகணும்மா. இவ்வளவு பெரிய ஊர்ல யாருக்குக் குளிருது?" என்று சிரித்தார் வீட்டுத் தரகர்.

"கோடையில தண்ணி ஒழுங்கா வருமா? கரண்ட் போனா தூங்க முடியுமா?"

"இதுவரைக்கும் யாரும் இப்படிக் குடையலைம்மா! எப்ப குடி வர்றீங்க?"



"நான் வரலை தம்பி. அதே மாடியில எதிர் வீட்டுலதான் என் பொண்ணு இருக்கா. கோவிச்சுக்கிட்டுப் போனவ. நான் கூப்பிட்டா எடுக்கறதில்ல. அவ எப்படி இருக்கான்னு வேற யார்கிட்ட கேப்பேன்?"

 தரகர் மெல்லச் சொன்னார்:

"வீடு பார்க்கற சாக்குல ஒரு நடை வந்துட்டுப் போங்கம்மா."