எட்டாவது சீட்டு

புது மருந்தை உருவாக்கும் குழுவில் எட்டுப் பேர். ஒருவரைக் குறைத்து, அன்று மாலைக்குள் பட்டியல் அனுப்பச் சொல்லியிருந்தது மேலிடம்.

குழுத் தலைவன் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. தரக் கட்டுப்பாட்டு அதிகாரி இருக்கிறாரே. எதை நீட்டினாலும் சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறவர். ஆய்வகம் முதல் உற்பத்தி வரை எல்லோரும் அவருக்கு வைத்த பெயர் முட்டுக்கட்டை. எதிலும் ஒத்துப்போகாத ஐந்து துறைகள் இந்த ஒரு பெயரில் மட்டும் ஒத்துப்போயிருந்தன.

ஒற்றுமையை மேலும் வளர்க்கத்தான் அன்றைய தலைமைப் பயிற்சி. காலையில் பந்து எறிந்து பிடித்தார்கள். பிறகு பயிற்சியாளர் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தார்.

"உங்க கையால பெரிய தப்பு ஒண்ணு நடந்துபோச்சு. முதல்ல இங்க யார்கிட்ட போய்ச் சொல்வீங்க? அவங்க பேரை மட்டும் எழுதுங்க, உங்க பேர் வேண்டாம். சாப்பிட்டு வந்து குடுத்தாப் போதும்."

போன வருடம் இரண்டு மாத்திரை மாதிரிகளின் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டுத் தலைவன் ஓடியது தர அதிகாரியிடம்தான். "மறைச்சாத்தான் சார் குத்தம். எழுதிட்டா வெறும் தப்பு" என்று கூடவே உட்கார்ந்து அறிக்கை எழுதவைத்தார். அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

யாருக்குத் தெரியப்போகிறது என்று அவர் பெயரையே எழுதி மடித்தான்.

சாப்பாட்டுக் கூடத்தில் நாலு பேர் உட்காரும் மேஜையில் அவர் தனியாக இருந்தார். அவன் தட்டோடு வருவதைக் கண்டு, பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உக்காருங்க சார்."

"ஒரு போன் பேசணும் மேடம்."

ஜன்னலோரம் போய், அவரைக் கழித்த பட்டியலை அனுப்பினான். பிறகு மற்ற ஆறு பேரோடு போய் உட்கார்ந்தான். அங்கே முட்டுக்கட்டையைப் பற்றிப் புதிதாய் ஒரு ஜோக் ஓடிக்கொண்டிருந்தது.

மதியம் பயிற்சியாளர் சீட்டுகளை வாசித்தார். முதல் சீட்டில் தர அதிகாரியின் பெயர். இரண்டாவதிலும் அதே. ஏழாவது வரை அதே பெயர்தான். ஜோக் சொன்னவர் உட்பட யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எட்டாவதைப் பிரித்துவிட்டுப் பயிற்சியாளர் விழித்தார். "இது என்னன்னு புரியலையே" என்று தலைவனிடம் நீட்டினார்.

மருந்துத் தொழிலில் எழுதியதை அழிக்கக் கூடாது. பழையது படிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரமும் காரணமும் குறித்துக் கையெழுத்திட வேண்டும். பெயர் வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்த சீட்டிலும் அந்தப் பழக்கம் ஒருவரை விடவில்லை.

கோட்டை மீறி அவன் பெயர் தெளிவாகத் தெரிந்தது. நேரம், அவன் போன் பேசப் போன ஒன்று இருபது. காரணம்: பதிவுப் பிழை.