முன் சீட்

அம்மா ஏறவில்லை.

முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். கார் உறுமிக்கொண்டிருந்தது. உறுமல் என்பது மரியாதைக்குச் சொல்வது. இருமிக்கொண்டிருந்தது.

"மாப்ளே, டாக்டர்கிட்ட காட்ட வேண்டியது அக்காவை இல்ல. இந்த வண்டியை," என்றார் மாமா. அம்மாவின் தம்பி. கேட்டுக்கு வெளியே நின்று மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டிருந்தார்.

நான் சிரிக்கவில்லை. இந்த நிமிஷத்துக்காக ஒரு வருஷம் நாயாய் அலைந்திருந்தேன்.

அப்பாவின் கார். அதே மாதிரி இன்னொன்று அல்ல, அதுவேதான்.

அப்பா இப்போது இல்லை. ஹாலில் போட்டோவாக, இந்தக் காரின் மேல் சாய்ந்து நிற்கிறார். போட்டோவில் தெரிந்த நம்பரை வைத்துத் தேடிப் பிடித்தேன். ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகையில், சக்கரம் இல்லாமல் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது.

"சார், இதை ரிப்பேர் பண்ண முடியாது. அடக்கம்தான் பண்ணணும்," என்றார் மெக்கானிக்.

விடவில்லை. அவர் உயிரை வாங்கினேன். எனக்கு எல்லாமே நினைவிருந்தது.

முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே நீள சீட். அரக்கு நிற ரெக்ஸின். ஸ்டீயரிங்கை ஒட்டியே கியர். கையால் சுற்றி இறக்கும் கண்ணாடி. அது பாதியில் மக்கர் பண்ணும். அம்மா உள்ளங்கையால் அழுத்தி இறக்குவாள். வெளியே மழை. நான் அம்மா மடியில். என் உச்சந்தலையில் அவள் தாடை. அவள் பேசினால் என் மண்டைக்குள் கேட்கும்.

எனக்கு இருக்கும் முதல் ஞாபகமே அதுதான்.

அந்த அம்மா இப்போது மூக்குக்கண்ணாடியை ஃப்ரிட்ஜில் வைக்கிறாள். என் மனைவியைத் தன் தங்கை பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். போன வாரம் ஆபீஸிலிருந்து வந்த என்னை வாசலில் நிறுத்தி, "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டாள்.

பழசு கடைசிவரை நிற்கும், பழசைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

பிடித்துக்கொண்டேன். நாலு சக்கரத்தோடு.

மாமாவுக்குத்தான் ஆரம்பத்திலிருந்தே இஷ்டமில்லை. "அக்காவுக்கு ரயில்னா உயிர். பேசாம ரயில்ல ஒரு சுத்து கூட்டிட்டுப் போயேன் மாப்ளே. ஓட்டை உடைசலுக்கு உயிர் கொடுத்து என்ன ஆகப்போகுது?" என்று போன் போட்டு நச்சரித்தார். ஏன் என்றால் பேச்சை மாற்றினார்.

"யார் கார்னு தெரியுதாம்மா?"

அம்மா பானட்டை விரலால் தொட்டாள். தூசி பார்ப்பதுபோல் விரலைப் பார்த்தாள்.

"உங்கப்பா கார்."

என் மனைவி கை தட்டியே விட்டாள். நான் கதவை இன்னும் அகலமாகத் திறந்தேன்.

"அப்புறம் என்ன? ஏறும்மா. உன் சீட்."

"என் சீட்டா?" அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "ஹால் போட்டோவுலதான் பாத்திருக்கேன். நான் இதுல ஏறினதே இல்லையே."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

கார் தெரிகிறது. காரில் போனது தெரியவில்லை. மறதி இப்படிப் பாதியாகவா வரும்? சீட் நிறத்தைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ?

"மழைம்மா. கண்ணாடி மாட்டிக்கிச்சு. நான் உன் மடியில. நீ கையால அழுத்தி..."

அம்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"இல்லையே."

அவள் கண்ணில் குழப்பமே இல்லை. அதுதான் என்னைக் குழப்பியது.

"நான் இந்த வீட்டுக்கு வந்தது ரயில்லடா. கரி ரயில். ஜன்னல் சீட்டுதான் வேணும்னு அடம் பிடிச்சு உக்காந்தேனா, கண்ணுல கரி விழுந்து, இறங்கறப்போ ஒரு கண்ணு மட்டும் செவசெவன்னு இருக்கு. கல்யாணப் பொண்ணு அழுதுட்டே வர்றாளேன்னு ஸ்டேஷனே வேடிக்கை பாத்துச்சு!"

சிரித்தாள். அப்படி அவள் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு சொல் தடுமாறவில்லை. கண் எதிரே ரயில் நிற்பதுபோல் பேசினாள்.

"அக்கா, வெயில் ஏறுது. உள்ள போலாம் வா." மாமா வேகவேகமாகக் கேட்டுக்குள் வந்தார்.

அம்மா நிறுத்தவில்லை.

"உங்கப்பா ரிக்‌ஷா பிடிச்சுட்டு வந்திருந்தார். கார் இருக்குன்னாங்களே, எங்கேன்னு கேட்டேன். அவ போன மறுநாளே வித்துட்டேன், அந்த முன் சீட்டைப் பாக்க முடியலன்னு சொன்னார். நீ அவர் தோள்ல தூங்கிட்டிருந்தே. முழிச்சதும் நேரா என்கிட்ட தாவிட்டே."

என் கை கார் கதவை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.

"யாரும்மா போனா?"

"அக்கா! போதும்!"

மாமாவின் முகம் வெளிறியிருந்தது. அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

அம்மா அசையவில்லை. அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அவரிடம் திரும்பினாள்.

"ஏன்டா, இவனுக்குத் தெரியாதா?"