சைவ ஆஸ்கர்

"ஏண்டி நாகமணி, உன் மீன் சைவம்னுதானே சொன்னே?"

வீட்டுக்காரி பாகீரதி மாமி ஒரு பிளாஸ்டிக் கவரை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே கொஞ்சம் தண்ணீர். அதில் செத்துப்போன ஒரு பொடிமீன்.

"சத்தியமா சைவம்தான் மாமி. பட்டாணி வேகவெச்சுத்தான் போடுறேன்."

"பின்னே இது எப்படிச் சாக்கடை ஓரத்துக்கு வந்தது? இந்த வாரத்துல மூணாவது கவர்!"

ஆனையூரில் மாமியின் கீழ்வீடு சைவக்காரர்களுக்கு மட்டும்தான். நாகமணி குடிவந்த அன்றைக்கு, தொட்டியில் இருந்த ஆஸ்கர் மீனுக்கும் சேர்த்தே மாமி வாக்கு வாங்கியிருந்தாள். ஒரு அடி நீளம். எதிரில் நீந்துவதையெல்லாம் விழுங்கும் ஜாதி.

"இந்த மாசத்தோட காலி பண்ணிடு."

"மாமி, அடுத்த வாரம் எம் பொண்ணு இந்துப்ரியாவுக்கு பிளஸ் டூ பரீட்சை. இப்பப் போயி எங்க வீடு தேடுறது? நானும் அவரும் காலையில ஜவுளிக்கடைக்குப் போனா பொழுது சாஞ்சுதான் வாரோம். இதுல மீன் வாங்க எங்க நேரம்? நீங்களே பாருங்க."

நாலு பட்டாணியைப் போட்டாள். ஆஸ்கர் மோந்துகூடப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஒரு மாசமா இப்படித்தான். எதையும் தொடுறதில்ல."

"பட்டினி கிடந்தா இப்படி உப்பியிருக்கும்?"

மாமி வாசல் பக்கம் திரும்பினாள். அவள் கணவர் சொக்கநாதன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியிலேயே நின்றிருந்தார்.

"ஏன்னா, உள்ள வந்து கண்டிப்பாச் சொல்லுங்கோ!"

"வேண்டாம்டி, அந்த வாடையே எனக்கு ஆகாது. பாவம், பொண்ணு பரீட்சையாவது முடியட்டுமே..."

"உங்களுக்கு எல்லாரும் பாவம்தான்!" மாமி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

அவர் தலை தெரிந்ததுதான் தாமதம், ஆஸ்கர் பாய்ந்து வந்து கண்ணாடியில் முட்டியது. அவர் இடப்பக்கம் நகர்ந்தார். அதுவும் இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம் நகர்ந்தார், வாயைப் பிளந்துகொண்டு கூடவே வந்தது.

"என்னடி பண்றது இது?"

"தினமும் தீனி போடுறவங்களைக் கண்டாத்தான் மாமி இந்த ஆட்டம் ஆடும்." நாகமணி, தொட்டிக்கு மேலே திறந்து கிடந்த ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

மாமியும் மெதுவாகத் திரும்பினாள்.

சொக்கநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்குப் போய்விட்டார்.