பதினைந்து கிலோமீட்டர் வேகம்

நகரத்து ஆற்றில் மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. காவல் படகைக் கண்டதும் படகோட்டி வேண்டுமென்றே பதினைந்தைத் தொட்டான். விசில் பறந்தது.

"இந்த வாரத்துல மூணாவது தடவை!" பெண் காவலர் நோட்டைத் திறந்தாள். "இன்னொரு தடவை மாட்டினா லைசென்ஸ் போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். நிதானமா எழுதுங்க."

"இளிப்பு வேறயா? அப்படி என்ன அவசரம்?"

"வேகமாப் போனாத்தானே நிறுத்துறீங்க. நிறுத்தினாத்தானே ரெண்டு வார்த்தை பேச முடியுது."

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் சீட்டைக் கிழித்து நீட்டினாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க வேலை முடிஞ்சு வீட்டுக்கு வரும்போது நான் தூங்கிடறேன். நான் டியூட்டிக்குக் கிளம்பும்போது நீங்க தூங்கறீங்க. அதான் சொல்ல முடியல. இனிமே மெதுவா ஓட்டுங்க. நீங்க அப்பாவாகப் போறீங்க."