ஓரத்து முயல்

அது ஒரு பழைய ஜெபப் புத்தகம். கன்றுத்தோல் பக்கங்கள், தங்கம் பூசிய எழுத்துகள். அதில் ஒரு பக்கத்தின் நடுவே மாதா படம். ஓரத்துக் கொடிக்குக் கீழே ஒரு முயல். அதைச் சும்மா அழகுக்குத்தான் வரைந்திருந்தார்கள்.

புத்தகத்துக்காரி தினமும் அந்தப் பக்கத்தைத் திறப்பாள், அழுவாள், மாதாவின் முகத்தில் முத்தம் வைப்பாள். வைக்க வைக்கச் சாயம் தேய்ந்தது. முயலுக்குப் பொறுக்கவில்லை.

"தாயே, மூக்கு போயாச்சு. ஒரு கண்ணும் போயாச்சு. முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கிட்டா என்ன?"

"அவ பிள்ளை காய்ச்சல்ல கிடக்குது. நானும் திருப்பிக்கிட்டா அவ எங்க போவா?"

"எங்கயோ போறா! என்னைப் பாருங்க, மீசையில ஒரு முடிகூடக் கலையல."

பேச்சுதான் பெரிசு. உள்ளுக்குள் அதற்கு ஒரே பயம்.

கடைசியில் மாதாவின் முகமே போய்விட்டது. அந்த இடத்தில் வெறும் தோல்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு முயல் கூப்பிட்டால் பதிலும் வரவில்லை.

ஒருநாள் அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தான், ஆனால் பிழைத்துவிட்டான். பக்கத்தைத் திறந்து, "மாதாவுக்கு முத்தம் குடுடா தங்கம்" என்றாள்.

பிள்ளை தேடினான். நடுவில் முகம் எதுவும் இல்லை. ஓரத்தில் ஒன்று இருந்தது. எச்சில் ஒழுகும் வாயோடு அதை நோக்கிக் குனிந்தான்.

"ஐயோ, அங்க இல்லடா!" என்று அவள் சிரித்தாள்.

முயல், முகமில்லாத அந்த இடத்தை ஒரு தடவை பார்த்தது. ஆனால் தன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.