அறுபதாவது பொறி

“நீங்க பொறிய எடுக்க மறந்துட்டா, உள்ள மாட்டுன எலிக்குப் பசிக்காதா சார்?” என்று வழிகாட்டி மாசாணத்தின் மகள் ஒருமுறை கேட்டாள். “நான் மறப்பேனா, தாயி?” என்று சிரித்தார், எலிகளை ஆராய வந்திருந்த தேவசகாயம். அந்த முறை மழைக்குப் பயந்து, வைத்த அறுபதில் ஐம்பத்தொன்பது பொறிகளோடு சதுப்பைவிட்டுக் கிளம்பியவர், அறுபதும் எடுத்தாயிற்று என்று குறிப்பேட்டில் எழுதினார்.

மறு ஆண்டு கோரைப்புல்லுக்குள், விட்டுப்போன அந்தத் தகரப்பெட்டிப் பொறி அவர் காலில் தட்டியது. கதவின் உட்புறமெங்கும் பல் கீறல்கள். மூலையில் சுருண்டபடி சிறு எலும்புகள்.

“என்ன சார், பாம்பா?” என்று முன்னால் போன மாசாணம் கத்தினார்.

“ஒண்ணுமில்லப்பா, நீ போ.” அவர் திரும்பி முகத்தைக் காட்டவில்லை.

மாசாணம் மறைந்ததும் எலும்புகளைக் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தார். தன் மதியச் சோற்றைப் பிரித்து, சுற்றியிருந்த எலி வளைகளின் வாயில் பிடிபிடியாக வைத்தார். பிறகு, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் மாலைவரை நடந்தார்.